எல்லோருக்கும் நூற்றிருபது!

போன மார்கழியில் என் மாமனார் தஞ்சாவூரிலிருந்து வந்து இறங்கியபோது கையில் இரண்டு கவுளி கும்பகோணம் வெற்றிலை, ஒரு மஞ்சள் பை, சட்டைப் பாக்கெட்டில் புத்தம்புது ஸ்மார்ட்போன். வெற்றிலையை என் மனைவியிடம் கொடுத்தார். போனைக் கொடுக்கவில்லை.

"மாப்ளே, விரலை நீட்டுங்க."

நீட்டினேன். மாமனார் கேட்டால் எதையும் நீட்டிப் பழகிவிட்டது. போனின் பின்பக்க காமிராவில் என் ஆள்காட்டி விரலை அழுத்தினார். விளக்கு எரிந்தது. விரல் சிவப்பாக ஒளிர்ந்தது. திரையில் ஒரு கோடு மலை ஏறி இறங்கியது. அரை நிமிஷத்தில் மணி அடித்து '122/79' என்றது.

"நார்மல்!" என்றார், ஏதோ அவர்தான் என் ரத்த அழுத்தத்தைக் குறைத்து வைத்த மாதிரி.

"உங்களுக்கு எவ்வளவு, மாமா?"

"எனக்கும் அதேதான். மூணு மாசமா தினம் பார்த்துக்கிட்டு வர்றேன். நூத்தி இருபத்தஞ்சைத் தாண்டினதே இல்லே. அதனாலதான் மாத்திரையைப் பாதியா உடைச்சுட்டேன்."

அடுப்படியில் கரண்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாமாவுக்கு ஒன்பது வருஷமாக பி.பி. அவருடைய அண்ணாவுக்கும் இருந்தது. அந்தப் பெரியவர் 2011-ல் ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாய் கோணி, வலது கை தொங்கி, அப்படியே கிணற்றடியில் சரிந்தார். அதன் பிறகு ஆறு வருஷம் படுக்கை. என் மனைவிதான் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் அவருக்குக் கஞ்சி ஊட்டியவள். அவள் கை நழுவிக் கரண்டி விழுந்ததில் ஆச்சரியமில்லை.

"ஏங்க, அந்த ஆப் பொய்னு அப்பாகிட்ட சொல்லுங்க" என்றாள் ராத்திரி.

சொன்னேன். மாமா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பாடம் கணக்கு. முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்.

"பொய்யா? நிரூபிங்க மாப்ளே. நிரூபிச்சுட்டா நாளைக்கே முழு மாத்திரை. இல்லேன்னா அந்த மீதிப் பாதியையும் நிறுத்திடறதா இருக்கேன்."

பி.காம். படித்த ஒருவனை மருத்துவ ஆராய்ச்சியில் இறக்கிவிட்டது இந்த ஒரு வாக்கியம்தான்.

*

முதல் காரியமாக நான் செய்தது, எல்லோரும் செய்வது. எத்தனை ஸ்டார் வாங்கியிருக்கிறது என்று பார்த்தேன். அந்த ஆப்புக்கு ஐந்துக்கு 4.6! விமர்சனங்களெல்லாம் தேன். 'என் அம்மா மிகவும் சந்தோஷப்பட்டார்', 'டாக்டர் செலவு மிச்சம்', 'சூப்பர் ஆப், விளம்பரம் மட்டும் ஜாஸ்தி'...

மாமா என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். 'நார்மல்' என்று சொன்னால் யாருக்குத்தான் ஐந்து ஸ்டார் போடத் தோன்றாது? ஹோட்டலில் சாம்பார் உப்பா என்பது நாக்குக்குத் தெரியும். ரத்த அழுத்தம் 120-ஆ 170-ஆ என்பது நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு மார்க் போடச் சொன்னால் மனிதன் முகராசிக்குத்தான் மார்க் போடுவான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 'இன்ஸ்டன்ட் ப்ளட் பிரஷர்' என்று ஐபோனுக்கு ஓர் ஆப் 2014 ஜூனில் கடைக்கு வந்தது. விரலை காமிராவில் வைத்து, போனை மார்பில் ஒட்டிக்கொண்டால் பி.பி. தெரியும் என்றார்கள். இலவசமில்லை, காசு கொடுத்து வாங்க வேண்டும். அதிகம் விற்ற ஆப்கள் வரிசையில் நாள் கணக்காக இடம்பிடித்து, 2015 ஜூலையில் கடையிலிருந்து எடுக்கப்படுவதற்குள் 1,48,000 பேருக்குக் குறையாமல் வாங்கிவிட்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் 85 பேரை உட்கார வைத்து, கையில் கட்டும் கருவியையும் இந்த ஆப்பையும் ஒப்பிட்டு, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். நிஜமாகவே அழுத்தம் அதிகமாக இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு, 'உனக்கு ஒன்றுமில்லை, போ' என்று சொல்லியிருக்கிறது அந்த ஆப். அதே வருஷக் கடைசியில் அமெரிக்க வர்த்தகக் கமிஷன் நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. நிறுவனத் தலைவரே தன் ஆப்புக்கு ஐந்து ஸ்டார் விமர்சனம் எழுதிக்கொண்டார் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று!

(எங்கள் ஆடிட்டிங் பேராசிரியர் சொல்வார்: 'கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்று காஷியரிடம் கேட்காதே. நீயே எண்ணு.' அன்றைக்கு நான் தூங்கிவிட்டதாக நினைத்தேன். எப்படியோ காதில் விழுந்திருக்கிறது.)

ஆப்களுக்கு மார்க் போட ஆஸ்திரேலியாவில் 2015-ல் ஒரு முறையே வகுத்திருக்கிறார்கள். சுருக்கப் பெயர் 'மார்ஸ்'. மொத்தம் 23 கேள்விகள். பார்க்க அழகா, பழக எளிதா, போரடிக்கிறதா, தகவல் நம்பகமானதா என்று பெண் பார்க்கப் போகிற மாமிகள் மாதிரி எல்லாவற்றையும் துருவுகிறார்கள். நல்ல முயற்சிதான். 'இது எங்கேயாவது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறதா?' என்றும் அதில் ஒரு கேள்வி வருகிறது. மாமாவின் ஆப்புக்கு மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க் போட்டேன். அந்த ஒரு கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

அமெரிக்க ஆராய்ச்சியை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அது வேற ஆப், மாப்ளே. பக்கத்து ஊர்ப் பையன் பெயிலானதுக்கு என் பையனுக்கு எதுக்கு டி.சி. கொடுக்கறீங்க?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் வீட்டிலேயே பரீட்சை வைக்க வேண்டியதுதான்.

*

மாடி வீட்டில் ஒரு ஸிஸ்டர் இருக்கிறார். இருபது வருஷம் வார்டு பார்த்தவர். கையில் கட்டுகிற பி.பி. மெஷினோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்தார். வந்த உடனே என் கையில் கட்டச் சொன்னேன்.

"காபி குடிச்சீங்களா ஸார்?"

"இப்பத்தான் ரெண்டாவது டோஸ்."

"அப்ப அரை மணி கழிச்சு. அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரணும். முதுகு சாய்ஞ்சிருக்கணும், கால் ரெண்டும் தரையில பதியணும், கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும். கால் மேல கால் போடக் கூடாது. அப்புறம், பேசக் கூடாது."

பேசக் கூடாது! எங்கள் வீட்டில் அமல்படுத்த முடியாத நிபந்தனை அது ஒன்றுதான். பேசினாலே அளவு ஏறிவிடுமாம். இத்தனை நாள் டாக்டர் கிளினிக்கில் கையில் கட்டு கட்டியிருக்கும்போது அரசியல் பேசிக்கொண்டிருந்தேனே என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

மாமா பரீட்சைக்கு உட்கார மறுத்துவிட்டார். "நான் சூப்பர்வைசர்" என்றார். ஹெட்மாஸ்டர் ரத்தம். மெஷின் காட்டுகிற அளவை ஸிஸ்டர் ஒரு தாளில் எழுத வேண்டும், ஆப் காட்டுகிற அளவை நான் வேறொரு தாளில் எழுத வேண்டும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. இருவரையும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுவில் உலாத்த ஆரம்பித்தார்.

சிரிக்காதீர்கள். பின்னால் படித்துப் பார்த்தபோது தெரிந்தது, உலகத் தரமும் இதையேதான் கேட்கிறது. பி.பி. கருவிகளைச் சோதிக்க சர்வதேச விதி ஒன்று உண்டு. ஒரே ஸ்டெதாஸ்கோப்பில் இரண்டு ஜோடி காதுக் குழல்களை மாட்டி, இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டு, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதிக்கொள்ள வேண்டும். 85 பேருக்குக் குறையக் கூடாது. ஆளுக்கு மூன்று முறை என்று 255 ஜோடி அளவுகள். எங்களிடம் 85 பேர் இல்லை. ஆறு பேர் கிடைத்தார்கள். நான், என் மனைவி, ஸிஸ்டரின் கணவர், கீழ் வீட்டு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், வாட்ச்மேன், எதிர் ப்ளாட்டில் சி.ஏ. படிக்கிற பெண். (ஏஜென்ட் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்ததைப் பார்க்க அவர் மனைவி மாடி ஏறி வந்தார்.)

எல்லாம் முடிந்து மாமா இரண்டு தாள்களையும் வாங்கி, மேல் அளவை மட்டும் கூட்டினார். மெஷின் சொன்னது மொத்தம் 720. ஆறால் வகுத்தால் சராசரி 120. ஆப் சொன்னது மொத்தம் 726. சராசரி 121.

"ஒரே ஒரு பாயின்ட்!" என்று மாமா சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். "பாஸ்! ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

எனக்குத் தொண்டையில் எச்சில் இறங்கவில்லை. ஆப்பை ஒழித்துக்கட்டப் போய், அதற்கு என் கையாலேயே சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்துவிட்டேன். மீதிப் பாதி மாத்திரையும் நாளை முதல் குப்பைத் தொட்டியில். ஸிஸ்டரும் ஒன்றும் பேசாமல் மெஷினைச் சுருட்ட ஆரம்பித்தார்.

என் மனைவிதான் தாள்களை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சராசரி இருக்கட்டும்பா. ஆளாளுக்கு என்ன வந்திருக்குன்னு பாருங்க."

பார்த்தோம். எனக்கு மெஷினில் 124, ஆப்பில் 122. அவளுக்கு 112, ஆப்பில் 120. ஸிஸ்டரின் கணவருக்கு 136, ஆப்பில் 123. ஏஜென்டுக்கு 126-க்கு 121. வாட்ச்மேனுக்கு 118-க்கு 121. சி.ஏ. பெண்ணுக்கு 104, ஆப்பில் 119! மெஷினின் கணக்கு 104-லிருந்து 136 வரை ஏறி இறங்குகிறது. ஆப் 119-க்கும் 123-க்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

"அப்பா, உங்க ஸ்கூல்ல ஒரு சரித்திர வாத்தியார் இருந்தாரே... காலாண்டுப் பரீட்சைப் பேப்பரைப் பிரிச்சுக்கூடப் பார்க்காம எல்லாப் பையனுக்கும் நாப்பது நாப்பதா மார்க் போட்டாரே. சாப்பிடறப்போ சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே."

"ஆமா. ஃபர்ஸ்ட் ராங்க் பையன் அழுதுக்கிட்டு வந்து நின்னான். அப்பத்தான் பிடிச்சேன்."

"ஆனா கிளாஸ் சராசரி சரியாத்தானே வந்திருக்கும்?"

"சராசரி சரிதான். பேப்பரைத் திருத்தலையே!"

சொல்லி முடித்ததும் மாமா நிறுத்திக்கொண்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. போனை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த ஆப் முதன்முதலில் தன்னிடம் வயசு, உயரம், எடை எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் கையில் இருந்தால் விரலைப் பார்க்காமலேயே ஒரு 'நூற்றிருபது' சொல்லிவிட முடியாதா?

பிறகு சட்டைக் கையை மடித்து, ஸிஸ்டரின் பக்கம் நீட்டினார்.

ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை. விதிக்காக இல்லை.

168/98. ஸிஸ்டர் இரண்டு நிமிஷம் விட்டு மறுபடி எடுத்தார். 172/100. ஆப் 122 என்றது, சந்தோஷமாக மணியடித்து.

"நாளைக்கே டாக்டரைப் பாருங்க ஸார்" என்றார் ஸிஸ்டர், யார் முகத்தையும் பார்க்காமல்.

*

1986-ல் லான்ஸெட் பத்திரிகையில் மார்ட்டின் ப்ளாண்ட், டக்ளஸ் ஆல்ட்மன் என்று இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு கருவிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, சராசரியை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதே. ஆளுக்கு ஆள் வித்தியாசத்தை எடு, அது எந்த அளவுக்குச் சிதறுகிறது என்று பார் என்பது அதன் சாரம். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த முறைதான். என் மனைவி ஹோம் சயின்ஸ் பட்டதாரி. லான்ஸெட் படித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சமையலை நடுவில் விட்டுவிட்டு வந்து கண்டுபிடித்தாள்.

சர்வதேச விதியிலும் இந்தத் தந்திரத்துக்கு வழி அடைத்திருக்கிறார்கள். சராசரிப் பிழை 5-க்குள் இருந்தால் மட்டும் போதாது, சிதறலும் 8-க்குள் இருக்க வேண்டும். சோதிக்கிற ஆட்களில் 100-க்குக் கீழே இருப்பவர்களும் இருக்க வேண்டும். 140-க்கு மேல், 160-க்கு மேல் இருப்பவர்களும் குறிப்பிட்ட விகிதத்தில் இருந்தே ஆக வேண்டும். நல்லவர்களை மட்டுமே உட்கார வைத்தால் எல்லோருக்கும் 'நல்லவர்' என்று சொல்கிற ஜோசியன் ஜெயித்துவிடுவான். எங்கள் பரீட்சையில் இருந்த ஓட்டை அதுதான். பி.பி. உள்ள ஒரே ஆள் சூப்பர்வைசராக உலாத்திக்கொண்டிருந்தார்!

ஆப் கெட்டவனை நல்லவன் என்று சொல்வதற்கும், நல்லவனைக் கெட்டவன் என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதில் ஒரு டாக்டர் ஃபீஸ் தண்டம். முதலாவதில் கிணற்றடி. தோலில் இருக்கிற மச்சத்தைப் படம் பிடித்தால் புற்றுநோயா என்று சொல்கிற நான்கு ஆப்களை அமெரிக்காவில் 2013-ல் சோதித்தார்கள். ஏற்கெனவே முடிவு தெரிந்த 188 படங்கள்; அதில் 60 நிஜப் புற்று. நான்கில் மூன்று ஆப்கள் நூற்றுக்கு முப்பதோ அதற்கு மேலோ புற்றுகளைத் தவறவிட்டன. நன்றாகச் செய்த நான்காவது ஆப்பின் ரகசியம் என்ன தெரியுமா? படத்தை அது ஒரு நிஜத் தோல் டாக்டருக்கு அனுப்பிவிட்டது!

*

மாமா முழு மாத்திரைக்குத் திரும்பினார். மூன்று வாரத்தில் 138. வீட்டில் பாயசம் வைக்காத குறை. நான்தான் டாக்டரிடம் பெருமையாக, "மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கு டாக்டர்" என்றேன்.

அவர் விவரமான மனிதர். "செஞ்சிருக்கு. ஆனா முழுக் கிரெடிட்டையும் மாத்திரைக்குக் கொடுத்துடாதீங்க. அன்னிக்கு உங்க வீட்டுல ஏழெட்டுப் பேர் சுத்தி நின்னு பயமுறுத்தியிருக்கீங்க. ரொம்ப ஏறி இருக்கிற நாள்ல அளந்தா, அடுத்த தடவை கொஞ்சமாவது இறங்கித்தான் இருக்கும்" என்றார்.

இதற்கும் வயசு அதிகம். ஃப்ரான்ஸிஸ் கால்டன் 1886-ல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் அளந்து எழுதினார். ரொம்ப நெட்டையான அப்பா அம்மாவின் பிள்ளைகள் அவ்வளவு நெட்டையாக இல்லை. ரொம்பக் குட்டையானவர்களின் பிள்ளைகள் அவ்வளவு குட்டையாக இல்லை. உச்சத்தில் இருப்பது நடுவை நோக்கி நகரும். சர்க்கரை எகிறின அன்றைக்குத்தான் மனிதன் பயந்து ஆப் இறக்குகிறான். அடுத்த மாதம் சர்க்கரை தானாகவே கொஞ்சம் இறங்கினாலும், 'இந்த ஆப்பினால்தான்' என்று விளம்பரத்தில் போட்டோவோடு வருகிறான்.

அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் இன்னொரு கோஷ்டியை வைத்துக்கொள்கிறார்கள். ஆப் கொடுக்காத கோஷ்டி. நம் நாட்டிலேயே ஹரியானாவிலும் கர்நாடகாவிலும் 40 சமுதாய சுகாதார நிலையங்களில் 'எம்வெல்கேர்' என்று ஓர் ஏற்பாட்டைச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். நர்ஸின் கையில் டேப்லெட். நோயாளியின் விவரத்தைப் போட்டால் பி.பி.க்கும் சர்க்கரைக்கும் என்ன செய்யலாம் என்று அது யோசனை சொல்லும். நோயாளிகளைக் குலுக்கிப் போடாமல் நிலையங்களையே குலுக்கிப் போட்டார்கள். ஒரே நர்ஸம்மா காலையில் ஆப்போடும் மாலையில் ஆப்பில்லாமலும் இருந்தால், காலையில் படித்ததை மாலையில் மறந்துவிட முடியுமா என்ன? ஒரு வருஷம் கழித்து ஆப் இருந்த இடங்களில் பி.பி. நன்றாகக் குறைந்திருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் மாலை மரியாதைதான். ஆனால் ஆப் இல்லாமல், கொஞ்சம் கூடுதல் பயிற்சி மட்டும் கொடுத்திருந்த நிலையங்களிலும் அதே அளவு குறைந்திருந்தது!

இப்படி ஒரு முடிவைத் தைரியமாக வெளியிட்டவர்களுக்கு நான் ஐந்து ஸ்டார் போடுவேன்.

ஆப் என்றாலே மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் 2013-ல் வெளியிட்டது ஆப்கூட இல்லை, வெறும் எஸ்.எம்.எஸ். 8,741 பேரைப் பரிசோதித்து, சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்த 537 ஆண்களைப் பிடித்தார்கள். எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஒரே புத்திமதி. பிறகு குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு மட்டும் அடிக்கடி செல்போனில் செய்தி: நட, அளவாகச் சாப்பிடு என்கிற ரகம். இரண்டு வருஷத்தில் செய்தி போகாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு சர்க்கரை வந்துவிட்டது. செய்தி போனவர்களில் 18. நூறு பேரில் ஒன்பது பேர் தப்பியிருக்கிறார்கள், பைசா பெறாத எஸ்.எம்.எஸ்.ஸில். விரல் வெளிச்சமும் இல்லை, மணியோசையும் இல்லை.

*

ஊருக்குக் கிளம்புமுன் மாமா கேட்டார்: "இன்னொண்ணு இருக்கே மாப்ளே, நடக்கச் சொல்லிக் கத்தற ஆப்பு. அதுவும் சரித்திர வாத்தியார்தானா?"

"அது அடி எண்றதுல ரொம்பத் தப்பு பண்ணாது மாமா. ஆனா அதனால நீங்க கூட நடக்கறீங்களாங்கறது வேற கேள்வி."

என் புது ஞானத்தையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 18 முதல் 35 வயது வரையுள்ள 471 குண்டர்களைச் சேர்த்து இரண்டு வருஷம் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே பத்தியம், ஒரே ஆலோசனை. ஆறு மாதத்துக்குப் பிறகு பாதிப் பேருக்கு மட்டும் உடம்பில் மாட்டிக்கொள்ளும் கருவி. 2016-ல் முடிவு வந்தது. கருவி மாட்டாதவர்கள் சராசரி 5.9 கிலோ இளைத்தார்கள். மாட்டியவர்கள் 3.5 கிலோதான்! காரணம் நிச்சயமாகத் தெரியவில்லை என்கிறார்கள். எனக்குத் தெரியும். பத்தாயிரம் அடி நடந்துவிட்டோம் என்று கருவி சொன்ன சந்தோஷத்தில் நானே எத்தனை மசால்தோசை சாப்பிட்டிருக்கிறேன்.

(அந்தப் பத்தாயிரமே 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்ற ஒரு கம்பெனி வைத்த பெயரிலிருந்து வந்ததுதான். டாக்டர் யாரும் எண்ணிச் சொன்னதில்லை.)

எல்லோரும் தெருவில் பூதம் பிடித்து அலைந்தார்களே, போக்கிமான் கோ, அதையும் விடவில்லை. அமெரிக்காவில் 1,182 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்ததில், முதல் வாரம் ஆடினவர்கள் தினம் 955 அடி கூடுதலாக நடந்தார்கள். ஆறாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி. ஆறு வாரம் பொறுக்காமல் இரண்டாவது வாரத்திலேயே ஆராய்ச்சியை மூடியிருந்தால் பூதத்துக்குக் கோயில் கட்டியிருப்பார்கள்.

இதைவிடப் பெரிய ஏமாற்று, பாதியில் கழன்றுகொள்கிறவர்களை எண்ணாமல் விடுவது. மன நலத்துக்கான 93 ஆப்களை 2019-ல் ஆராய்ந்தபோது, இறக்கிக்கொண்டவர்களில் ஒரு மாதம் கழித்தும் திறந்து பார்க்கிறவர்கள் நூற்றுக்கு மூன்றே சொச்சம் பேர் என்று தெரிந்தது. அந்த மூன்று பேரிடம் போய் 'ஆப் எப்படி?' என்று கேட்டால், பந்தியில் கடைசி வரை உட்கார்ந்திருப்பவனிடம் சாப்பாடு எப்படி என்று கேட்கிற கதைதான். எழுந்து போனவனைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். முறையான ஆராய்ச்சியில், குலுக்கலில் யார் எந்தக் கோஷ்டியில் விழுந்தார்களோ, ஆப்பைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் கடைசி வரை அந்தக் கோஷ்டிக் கணக்குதான்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதெல்லாம் ஆயிரம் பேர் கணக்கு. எனக்கு, எனக்கு மட்டும், அது வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அதற்கும் வழி இருந்தது. அமெரிக்காவில் 'ஹார்ட்ஸ்டெப்ஸ்' என்ற ஆராய்ச்சியில் ஒவ்வொருவரையும் ஒரேயடியாக ஒரு கோஷ்டியில் தள்ளிவிடவில்லை. தினம் ஐந்து வேளை, 'கொஞ்சம் நடயேன்' என்று செய்தி அனுப்புவதா வேண்டாமா என்று அந்தந்த வேளைக்குக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. அடுத்த அரை மணியில் அந்த ஆள் எத்தனை அடி நடந்தார் என்று பார்த்தார்கள். ஆரம்ப நாட்களில் நல்ல பலன். போகப் போகத் தேய்ந்துவிட்டது. ஒரே மனிதன், அவனுக்கு அவனே எதிர்க் கோஷ்டி.

மாமாவின் கண்ணில் பழைய ஹெட்மாஸ்டர் களை வந்தது.

*

இப்போது தஞ்சாவூரில் ஆராய்ச்சி நடக்கிறது. மூன்று நாளைக்கு ஒரு தடவை காலையில் பூவா தலையா போடுகிறார். பூ விழுந்தால் மூன்று நாளும் போன் பாக்கெட்டில், ஆப் கத்தலாம். தலை விழுந்தால் மூன்று நாளும் போன் பீரோவில். இரண்டுக்கும் நடைக் கணக்கு ஆப்பில் இல்லை. அதை நம்பினால் காஷியரிடமே கல்லாவைக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். குளக்கரையை ஒரு சுற்று சுற்றினால் சட்டைப் பையிலிருந்து ஒரு புளியங்கொட்டை டப்பாவுக்குப் போகும். டப்பாவை அவர் எண்ணக் கூடாது. என் மாமியார் எண்ணி நோட்டில் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும்.

"எதுக்கு மாமா மூணு மூணு நாள்? தினம் தினம் போட்டாலென்ன?" என்று போனில் கேட்டேன்.

"நேத்து அது கத்தினது இன்னிக்கும் காதுல கேட்குமே மாப்ளே! அதனால ஒவ்வொரு மூணுலயும் முதல் நாள் கணக்கைத் தள்ளிடுவேன்."

முறையாகப் படித்தவர்கள் இதையேதான் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும். பி.பி.யே போதும்.

போன வாரம் அவர் குளித்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து மாமியாரிடம் மெதுவாக, "எது ஜெயிக்குது அத்தை?" என்று கேட்டேன்.

"அறுபது நாள் முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு உத்தரவு. மாப்பிள்ளையா இருந்தாலும் சரி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா ஒரு சந்தேகம் மாப்பிள்ளை. நேத்திக்கு வாசல்ல செருப்பைக் கழட்டறப்போ, டப்பாவுல ரெண்டு கொட்டையைக் கூடப் போட்டதை ஜன்னல் வழியா பார்த்தேன். அதைச் சேர்த்து எழுதறதா, விட்டுட்டு எழுதறதா?"

"அது பூ நாளா, தலை நாளா?" என்றேன் பதற்றமாக.

"அதையும் சொல்லக் கூடாதாமே!"